மூன்று தடவை மணி அடித்தால் யானை

எழுபதுகளின் கடைசியில் போடிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள் மூன்று, மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. காய் எடுக்கும் காலத்தில் அங்கே அடுப்பு அணையாது. சூடு கொஞ்சம் தப்பினால் காயின் பச்சை போய்விடும். போடியில் ஏலம் விடும்போது விலையும் போய்விடும். அதனால் முதலாளி மதுரையிலிருந்து நாலு பழைய டெலிபோன் வாங்கி வந்தார், கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கிற வகை. ஸ்டோரில் நடப்பது ஆபீசுக்கு உடனே தெரிய வேண்டும் என்றார்.

நாலுக்கும் சேர்த்து வயர் ஒன்றுதான். மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினோம். இன்னொரு வயர் வேண்டாம், மின்சாரம் திரும்பி வர மண்ணே போதும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டு, ஆபீஸ் வாசலில் ஒரு இரும்புக் கம்பியை அடித்துவிட்டுப் போனார். அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது என் தலையில் விழுந்தது. ஊற்ற மறந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

போட்ட வாரமே எனக்கு வெறுத்துவிட்டது. கோழியைக் காணோம் என்று மணி. கீழே மழையா என்று மணி. மேல் ஸ்டோரும் கீழ் ஸ்டோரும் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டாலும் ஆபீஸ் மணியும் சேர்ந்து அலறும். ஒருநாள் முதலாளி அதைக் கேட்டுவிட்டுக் கட்டளை போட்டார். அடுப்பில் கோளாறு என்றால் ஒரு தடவை, தண்ணீர் நின்றால் இரண்டு தடவை, யானை வந்தால் மூன்று தடவை. வேறு எதற்கும் அடிக்கக் கூடாது. அடித்தாலும் நான் எடுக்கக் கூடாது. எனக்குப் பரம சுகம்.

மேல் ஸ்டோரில் அடுப்புக்குத் தீ போட்டவர் கீழே சிலமலை ஊர்க்காரர். மனைவிக்கு நிறைமாதம். போன பிரசவத்தில் தோட்டத்து ஜீப்புக்குச் சொல்லிவிட வழியில்லாமல், அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளை பாதி வழியிலேயே போய்விட்டது. அரிசி வாங்க இறங்கியவர் என் மேசை முன்னால் நின்றார்.

"அண்ணே, அவளுக்கு வலி கண்டா எத்தனை தடவ அடிக்கணும்?"

முதலாளியிடம் போய்க் கேட்டேன். பிள்ளைப்பேற்றுக்கா போன் போட்டேன், ஆள் இறங்கி வந்து சொல்லட்டும் என்றார். கெட்டவர் இல்லை, இதற்கு இடம் கொடுத்தால் மறுபடி கோழி வந்துவிடுமே என்ற கவலை. ஆனால் ஆள் இறங்கி வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, அவரிடம் காட்ட முடியுமா? திரும்பி வந்து சிலமலைக்காரரிடம் சொன்னேன்:

"மாப்ளே, மூணு தடவ அடி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அடுத்த வாரம், முதலாளி ஆபீசில் இருக்கும்போதே மூன்று தடவை மணி அடித்தது. எடுத்தேன். "அண்ணே, ஆனை வந்துருச்சு" என்றார் சிலமலைக்காரர். குரல் நடுங்கியது. அதில் நடிப்பு இல்லை.

மேல் ஸ்டோரில் காய் நிறைந்து கிடந்தது. முதலாளி யானை விரட்டும் வெடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு தானே ஜீப்பை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன். எத்தனை யானை, எந்தப் பக்கம் நிற்கிறது என்று வழியெல்லாம் கேட்டார். தெரியவில்லை, தெரியவில்லை என்றேன்.

மேலே யானை இல்லை. ஒரு செடிகூடச் சாய்ந்திருக்கவில்லை. சிலமலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆனை எங்கடா?" என்றார் முதலாளி.

சிலமலைக்காரர் வாய் திறப்பதற்குள் பின்னால் கூலிக்காரர் லைன் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் அலறல் வந்தது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றோடு நம் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் வெடிக்கட்டைக் கீழே வைத்தார். ஜீப்பின் பின்னாலிருந்த சாக்குகளை இழுத்து வெளியே போட்டார். அவளை மெதுவாகத் தூக்கி வரச் சொன்னார்.

போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை குறுக்கே கிடந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா முதலாளியிடமே சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. திரும்பி மலை ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கியபோதுதான் முதலாளி சொன்னார்.

"நாலு தடவ அடிச்சா மனுசனுக்குன்னு எல்லா ஸ்டோருக்கும் சொல்லிரு. என்னையக் கேட்டுக்கிட்டு நிக்காத. ஜீப்ப அனுப்பு."

அன்று சாயந்தரமே சொல்லிவிட்டேன். நான் அங்கே இருந்த வருஷங்களில், கோழியைக் காணோம் என்று யாரும் நாலு தடவை அடித்ததில்லை.