அப்பா இறக்கிய கதவு

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தன் அணையைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். காட்டுவது என்றால் படம் எதுவும் கிடையாது. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, நடுவில் உப்பு டப்பாவை நிறுத்தி, இது ஒரு மலை, இது ஒரு மலை, இது டேம் என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிப்பதா, கேட்பதா என்று முழிப்பார்.

அப்போது நாங்கள் ஆக்லாந்தில் லின்ஃபீல்டில் இருந்தோம். எனக்குப் பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. நான் ஒரே பிள்ளை என்பதால் 2012இல் அப்பாவையும் அம்மாவையும் இலங்கையிலிருந்து இங்கேயே கூப்பிட்டுக்கொண்டேன். இருவரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்துக்குக் கீழே ஓடிய ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்க அரசாங்கம் அணை கட்டியபோது, அப்பா கொழுந்து மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே காரியம் அது.

அணை எழும்பும்வரை ஆற்றை ஒரு சுரங்கத்துக்குள் திருப்பி விட்டிருந்தார்களாம். வேலை முடிந்ததும் சுரங்கத்தின் வாயை இரும்புக் கதவு போட்டு மூட வேண்டும். மூடினால்தான் தண்ணீர் தேங்கும். அந்தக் கதவை இறக்கிய ஆட்களில் அப்பாவும் ஒருவர். இந்த இடம் வந்ததும் உப்பு டப்பாவை விட்டுவிட்டு உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவார்.

"சங்கிலியப் புடிச்சது இந்தக் கைதாங்க. நாங்க எறக்கினோம், ஆறு அப்படியே நின்னுருச்சு."

சரியாக அந்த நேரத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவுவாள். ஒரே கதையை எத்தனை வருஷம்தான் கேட்பது, எனக்கே கொட்டாவி வருகிறது, அவளைக் குறை சொல்ல முடியுமா என்று நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாமனாரைச் சீண்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

"மாமா, நீங்கள் இவ்வளவு பெரிய டேம் கட்டியும் எங்கட ஊரிலை வருஷக்கணக்கா கரண்ட் இல்லையே. நான் குப்பி விளக்கிலைதான் படிச்சனான்."

"அட போங்க மாப்பிள்ளை. கம்பி எங்க லயத்துத் தலைக்கு மேலதான் போச்சு. எங்களுக்கே குடுக்கல, உங்களுக்கு எங்க குடுக்கப் போறான்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. தோட்டத்து லயம் என்கிற வரிசை வீட்டில் நானும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில்தான் படித்தேன். மழை நாட்களில் தலைக்கு மேலே அந்தக் கம்பிகள் ரீங்காரம் போடும். எங்கள் ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரம் எங்களைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆக்லாந்துக்கும் அணைகள் உண்டு என்று தெரிந்ததும் அப்பா என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார். நகரத்தின் மேற்கே வைட்டாக்கரே மலைக் காட்டுக்குள் இருக்கின்றன, குடிநீருக்காகக் கட்டியவை. ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் அம்மாவும் போனோம். அந்தக் காட்டில் கவுரி மரங்களை ஒரு நோய் கொன்றுகொண்டிருந்தது. நோய் மண்ணோடு பரவும் என்பதால் பாதை தொடங்கும் இடத்தில் பிரஷும் மருந்துத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் காலணியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அப்பா பேருக்கு ஒரு தேய் தேய்த்துவிட்டு முன்னால் ஓடினார். அணைமேல் நடைபாதையில் ஏறி நின்று, எட்டிப் பார்த்து, அங்கிருந்தே கத்தினார்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு கரண்ட் எடுக்காம சும்மா குடிக்கிறானுங்களா!"

அம்மா இன்னும் பிரஷோடு நின்றிருந்தாள். "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"ஒரு புடி மண்ணுகூட வெளிய போகக் கூடாதா?"

"கூடாதும்மா."

"நான் ஒரு புடிதான் கேட்டேன்" என்றாள். "யாருகிட்டம்மா?" என்றதற்கு, கையிலிருந்த பிரஷை நீட்டி அணைமேல் நின்ற அப்பாவைக் காட்டினாள்.

அங்கே கிடந்த ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து அம்மா சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"உனக்கு முன்னாடி ஒரு ஆம்பளப் புள்ள. பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான். பச்சப் புள்ளய எரிக்க மாட்டாங்க, ஆத்தோரச் சுடுகாட்டுல பொதச்சாங்க. அப்புறம் டேம் வருது, அந்த எடமெல்லாம் முங்கிரும்னு சொன்னாங்க. மத்தவங்கல்லாம் போயி அவங்கவங்க ஆளுங்க கெடந்த எடத்துல ஒரு புடி மண்ணெடுத்து, மேட்டுல கொண்டாந்து பொதச்சாங்க. பொம்பளைங்க அங்க போகக் கூடாதே. உங்கப்பாகிட்டதான் கேட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னாரு. கடைசில அவரே போயி கதவ எறக்கிட்டு வந்து, மேலு வலிக்குது, சுடுதண்ணி வையின்னாரு."

"வச்சுக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

முப்பது வயதைத் தாண்டியபின் ஓர் அண்ணன் கிடைத்து, அதே நிமிஷத்தில் போய்விட்டான். அப்பா அணைமேல் நின்று எங்களை வாங்க, வாங்க என்று கையசைத்தார். அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. டம்ளர் கழுவிய அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் எத்தனை பேர் வடை தின்றுகொண்டு அந்தக் கதவு இறங்கியதைக் கேட்டிருக்கிறார்கள்! நாங்கள் அணைமேல் ஏறவில்லை. அம்மா தன் செருப்பை இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் அம்மா ஒரு கடைக்குள் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, காரில் இருந்த அப்பாவிடம் நேராகக் கேட்டேன். ஒரு பிடி மண்ணெடுத்துக் கொடுக்க உங்களுக்கு என்ன கேடு என்று அதே வார்த்தைகளில் கேட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. "அவ சொன்னாளா?" என்றார். பிறகு கடை வாசலைப் பார்த்தபடியே பேசினார்.

"நான்தாம்மா பொதச்சேன். தூக்கிட்டுப் போனதும் நான்தான். என் முழங்கை நீளம்கூட இல்ல. மறுபடி தோண்டுன்னா எப்படிம்மா தோண்டுறது? மம்பட்டி எங்கயாச்சும் பட்டுருச்சுன்னா? ரெண்டு தடவ கெளம்பிப் போனேன். பாதி வழியில திரும்பிட்டேன்."

"தோண்ட வேணாமேப்பா. மேலாக ஒரு பிடி எடுத்திருக்கலாமே."

"மேல கல்லு வச்சிருந்தேன். நரி இழுத்துரும்னு. அதத் தூக்கணும்ல?"

"அம்மாகிட்ட இதச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது?" என்றார். அம்மா பையோடு வருவதைப் பார்த்ததும் கதவைத் திறந்து இறங்கி, பையை வாங்கிக்கொண்டு, முருங்கைக்காய் இன்றைக்கும் ஐஸ் பெட்டியில் போட்டதுதானா என்று சலித்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு எனக்குப் போயிற்று. போனதும் எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது. வெறுப்பதற்கு ஒருவர் இருந்தால் கொஞ்சம் சுலபம். அதற்குப் பிறகும் அப்பா வந்தவர்களிடம் அணைக் கதையைச் சொன்னார். மலை வரும், டேம் வரும், உப்பு டப்பா வரும். கதவு மட்டும் வராது. சுரங்கம் தோண்டிய வரைக்கும் சொல்லிவிட்டுத் தேநீர் ஆறிவிட்டது என்பார். அம்மா அப்போதும் எழுந்து உள்ளே போனாள். அவளுக்குக் கதை எங்கே நின்றது என்று தெரிய வழியில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் அப்பா படுத்தார். நெஞ்சில் சளி என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் முடிந்தது. கடைசி நாட்களில் என் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, என்னைய நம்ம டேம்ல கரைச்சுருங்க" என்று சொல்லியிருக்கிறார். கணவர் அதை என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் உடனே சொல்லவில்லை.

இங்கே தகனத்துக்குப் பெண்களும் போவார்கள். அம்மாவும் வந்தாள். பெட்டி உள்ளே போகும்வரை கண் இமைக்காமல் பார்த்தாள். திரும்பி வரும்போது காரில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அன்னைக்கே இப்படிப் போக விட்டுருந்தா நானே போயி எடுத்துருப்பேன்."

சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கொடுத்தார்கள். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் கராஜில் ஓர் அலமாரியில் வைத்தோம். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தபின் அப்பாவின் ஆசையை அம்மாவிடம் சொன்னேன்.

"முடியாது" என்றாள்.

"அவரோட கடைசி ஆசைம்மா."

"எனக்கும்தான் ஒரு ஆசை இருந்துச்சு. யாரு கேட்டா? அந்தத் தண்ணியில அவருக்கு எடமில்ல. செத்தும் அந்த டேம்ல போயி பெரும பேசணுமா?"

என் கணவர் சமாதானமாக, "மாமி, இஞ்சை மானுக்காவ் பக்கம் கடலிலை விடுவம். கன பேர் அப்பிடித்தான் செய்யினம்" என்றார். அம்மா அதற்கும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டி கராஜிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் காரை வெளியே எடுக்கும்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். செத்தவர் கேட்டதைச் செய்வதா, உயிரோடு இருப்பவள் மனதை நோகடிக்காமல் இருப்பதா? இரண்டும் என் தலையில்தான் விழுந்தன. கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்திருந்தால் பாதியை அவன் தலையில் கட்டியிருப்பேன்.

ஒரு நாள் மறுபடி பேச்சு வந்தது, வார்த்தை தடித்தது. அவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அம்மா சொன்னதும் நான் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இரண்டு தடவை கிளம்பிப் போனதை, பாதி வழியில் திரும்பியதை, நரிக்குப் பயந்து கல் வைத்ததை, மண்வெட்டி பட்டுவிடுமோ என்று நடுங்கியதை, எல்லாம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு வச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா."

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் நானே சமைத்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நானும், இப்போதாவது சொன்னது நல்லது என்று என் கணவரும் மாறி மாறிக் குழம்பிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு மாலை வேலையிலிருந்து வந்து கராஜைத் திறந்தால், அம்மா அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள்; நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நான் காரை உள்ளே விடாமல் இறங்கி வந்தேன்.

"இது மேல மெதக்குமா, அடிக்குப் போகுமா?" என்று கேட்டாள்.

அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை அது. மணல் மாதிரி, கரகரவென்று கனமாக இருந்தது.

"தூசி கொஞ்ச நேரம் மெதக்கும். மத்ததெல்லாம் அடிக்குத்தாம்மா போகும்."

அம்மா மூடியைப் போட்டு, நான்கு பக்கமும் அழுத்தி மூடினாள்.

"அப்ப டேமுக்கே கொண்டு போ" என்றாள். "என்கிட்டதான் சொல்ல வரல. அவன்கிட்டயாவது போயி சொல்லட்டும்."