பிரிப்பதற்கென்று ஒரு பின்னல்

அந்தத் தெருவில் அவளை ஸ்வெட்டரக்கா என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வருஷத்தில் பாதி நாள் குளிர் விடாத ஊர். கம்பளிக் கடையிலிருந்து நூலை மூட்டையாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அவள் அதை ஸ்வெட்டராகவும் குல்லாவாகவும் மப்ளராகவும் ஆக்கித் திருப்பி அனுப்புவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்குள் ஒரு வரிசை பின்னிவிடுவாள் என்று கீழே கடை வைத்திருக்கும் டைலர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். பால் பொங்கி வழிந்த நாட்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்த பிறகும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். வாய் ஓயாத மனிதர். படியில் பிதுங்கி நிற்கிறவனையும் சிரிக்க வைத்தே உள்ளே தள்ளிவிடுவார். அவளுக்கோ நாலு பேர் முன்னால் வாயே திறக்க வராது. கல்யாணமான புதிதில் அவருடைய சொந்தக்காரர்கள் பெண் ஊமையா என்று ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆள் போதும், கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருடைய முன்கோபத்தையெல்லாம் அவள் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை மறந்தார், அப்புறம் பேச்சே மறந்துபோனது. கை மட்டும் ஓயவில்லை. ஆயுசெல்லாம் டிக்கெட் கிழித்த கை. அகப்பட்டதையெல்லாம் கிழித்தது. செய்தித்தாள், தலையணை உறை, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, கடைசியில் மகளுடைய கல்யாணப் போட்டோ. பிடுங்கினால் அடிக்க வருவார். எதுவும் கிடைக்காவிட்டால் தன் தொடையையே கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வார்.

ஒருநாள் கடைக்குக் கொடுக்கவேண்டிய ஸ்வெட்டரின் முன்பாகம் ஊசியிலிருந்து நழுவி அவர் கையில் மாட்டிவிட்டது. அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் பாதி பிரிந்து அவர் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. கத்த வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நூல் ஒவ்வொரு கண்ணியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வர, அவர் அதை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது போன்ற முகம். அந்த முகத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் இரண்டு விதமாகப் பின்னினாள். ஒன்று கடைக்கு, இன்னொன்று அவர் பிரிப்பதற்கு. கடைக்குப் போவதில் கடைசிக் கண்ணியை இறுக்கி முடிந்து நுனியை உள்ளே செருகிவிடுவாள். அவருக்கானதில் நுனியை வெளியே தொங்கவிடுவாள். பின்னல் முடிந்த பக்கத்திலிருந்து இழுத்தால்தான் நூல் தடையில்லாமல் ஓடும். ஆரம்பித்த பக்கத்தைப் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொண்டு நகராது, அவருக்குக் கோபம் தலைக்கேறிவிடும். அதனால் நுனியை எடுத்து அவர் விரலிடையில் கொடுத்து, ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்பால் போவாள். அவர் பிரித்துப் போட்ட நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதை நனைத்து, அடியில் கனம் கட்டிக் கொடியில் தொங்கவிட்டு, நேரானதும் மறுபடி பின்னுவாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலையே ஓடுகிறது அக்கா, சரக்குதான் வெளியே வரக் காணோம் என்றார் டைலர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மகளுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஆஸ்பத்திரி வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று அவளுக்கும் தலைக்குமேல் இருந்தது. வரும்போதெல்லாம் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்பாவைக் காப்பகத்தில் சேர்க்கிற பேச்சை எடுப்பாள். நல்ல இடம், டாக்டர் இருக்கிறார், சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள் என்பாள். ஸ்வெட்டரக்கா தலையைக் குனிந்துகொண்டு ஊசியைப் பார்ப்பாள். அவர் தன்னை யார் என்று மறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நூல் நுனியை நீட்டும்போது அவர் கை தானாக நீண்டு வந்து வாங்கிக்கொள்ளும். உலகத்தில் அவர் யாரிடமிருந்தாவது எதையாவது வாங்கிக்கொள்கிறார் என்றால் அது அவளிடமிருந்துதான். அந்த ஒன்றையும் யாரோ ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட அவளால் முடியவில்லை. இதை மகளிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

கடைசியில் மகள்தான் விட்டுக்கொடுத்தாள். "சரிம்மா, இருக்கட்டும். ஆனா அவருக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். அப்ப நீ குறுக்க நிக்கக் கூடாது." ஸ்வெட்டரக்கா தலையாட்டினாள்.

அந்த வருஷம் குளிர் முன்னாடியே வந்துவிட்டது. கடையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. ஊசியைக் கீழே வைக்க நேரமில்லை. இதற்கிடையில் அவருக்கென்று வைத்திருந்த நூல், திரும்பத் திரும்பப் பின்னியும் பிரிந்தும் நைந்துபோய், இழுத்த இழுப்புக்கெல்லாம் அறுந்தது. அறுந்தால் அவர் பதறிப்போவார். கையை உதறுவார், சுவரில் முட்டுவார். புது நூல் வாங்கிவர அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? கடை ஸ்வெட்டருக்கென்று நிறுத்துக் கொடுத்த நூல் போக, வீட்டில் மீந்திருந்தது மப்ளருக்காக வந்த நூல்தான். பூனைக்குட்டியைத் தொட்டாற்போலப் புசுபுசுவென்று இருக்கும்.

அந்த நூல் பிரியாது. ரோமத்தோடு ரோமம் கோத்துக்கொண்டு ஒட்டிவிடும். தப்பாக ஒரு கண்ணி விழுந்துவிட்டால்கூட அவிழ்க்க முடியாது என்பதால் அதில் வேலை செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள். தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி, அவளுக்கும் தெரியும். ஆனால் பெரிய பெரிய கண்ணியாகத் தளரத் தளரப் பின்னினால் ஓடிவிடும் என்று தன் கைமேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை. பின்னி முடித்து நுனியை அவரிடம் கொடுத்தாள். ஓடியது. ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜன்னலோரம் குளிர்காற்று வரவே மடிமேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து கடை வேலையை எடுத்தாள்.

அன்று மத்தியானம்வரை அவர் ஒரு சத்தம் போடவில்லை. போர்வைக்குள் கை அசைவதைப் பார்த்துக்கொண்டே அவள் ஸ்வெட்டரின் ஒரு கையை முடித்தாள், காலரையும் பிடித்துவிட்டாள். இவ்வளவு வேலை ஒரே மூச்சில் நடந்து எத்தனை நாளாயிற்று என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

சாப்பாடு ஊட்டப் போர்வையை விலக்கினாள். நடுவில் எங்கோ நூல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிடி கிடைக்கட்டும் என்று அவர் அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறார். சதைக்குள் புதைந்து நூலே தெரியவில்லை. விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். அவள் சின்னக் கத்தரியை எடுத்து எங்கே வெட்டுவது என்று தெரியாமல், ஜன்னலைத் திறந்து டைலரைக் கூப்பிட்டாள். அவள் குரல் அவ்வளவு உரக்க வந்து அந்தத் தெரு கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் விரலை நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள். மகள் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தால், கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ வாக்கு குடுத்திருக்கம்மா" என்றாள். ஸ்வெட்டரக்கா குறுக்கே நிற்கவில்லை.

காலி வீட்டுக்கு டைலர் ஆறுதல் சொல்ல வந்தார். எந்த நூலாக இருந்தாலும் இப்படி ஆகியிருக்கும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வழக்கமான பேச்சைப் பேசிக்கொண்டே மூலையில் கிடந்த மிச்ச நூலைக் கையில் எடுத்தார்.

"இதுலயா அக்கா பின்னிக் குடுத்தீங்க? இது பிரியாதுன்னு எனக்கே தெரியுமே" என்றார்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று இறங்கிப் போய்விட்டார்.

காப்பகம் பஸ் போகும் தடத்தின் கோடியில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை. நீளமான கூடம், சுவரோரமாக நாற்காலிகள், ஃபினாயில் வாடை. உள்ளே கயிறு, நூல், ஊசி, கத்தரி எதுவும் வரக்கூடாது. பையை வாசலிலேயே திறந்து பார்த்தார்கள். கண்டக்டர் ஒரு நாற்காலியில் இருந்தார். கை நகத்தால் நாற்காலியின் ரெக்ஸினைச் சுரண்டியதில் பஞ்சு தெரிந்தது. தொடையில் மறுபடி புண். அவள் எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அது அவள் கையை உதறிவிட்டு எதையோ தேடியது.

அந்த வாரம் அவள் தனக்காக ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். தனக்கென்று அவள் பின்னி வெகுநாளாகியிருந்தது. வழக்கமாக அடியிலிருந்து மேலே போய்க் கழுத்தில் முடிப்பாள். இதைக் கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். கை மணிக்கட்டில் வந்து முடிந்தது. நன்றாக முறுக்கேறிய, வழுவழுப்பான நூல். உடம்புப் பக்கத்தைக் கெட்டியாக முடித்துவிட்டு, இரண்டு மணிக்கட்டிலும் மட்டும் நுனியை விட்டுவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து, மணிக்கட்டை அவர் கைக்குக் கீழே கொண்டுபோனாள். ஆள்காட்டி விரல் இல்லாத கை கொஞ்சநேரம் தடவியது. பிறகு நடுவிரலும் கட்டைவிரலும் நுனியைக் கண்டுபிடித்தன. நூல் அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கையில் ஒரு விரற்கடை குளிர் ஏறியது. வந்துவிழுகிற நூலை அவர் விரலில் சுற்ற விடாமல் உடனுக்குடன் தன் மடிப்பக்கம் வாரிக்கொண்டாள். கண்ணை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, பிரிந்த இடத்தில் கண்ணிகளை எடுத்து ஊசியில் ஏற்றி, மறுபடி மணிக்கட்டுவரை பின்னி வைப்பாள். அடுத்த வாரம் அது மறுபடி முழங்கைக்கு ஏறும். பலநாள் இப்படி ஓடியது.

கூடத்து ஆயா பெரிய உடம்புக்காரி, கண் கழுகுக் கண். ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னம்மா, வரும்போது முழுக்கை, போகும்போது அரைக்கையா?"

ஸ்வெட்டரக்கா நூலை மடிக்குள் வாரிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் ஒண்ணும் உள்ள கொண்டாரலையே. போட்டுட்டுத்தானே வந்திருக்கேன்."

ஆயா அவரைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், இவளுடைய குளிரில் புள்ளி புள்ளியாய்ச் சிலிர்த்த கையைப் பார்த்தாள். "மேட்ரன் வந்தா சால்வைய இழுத்து மூடிக்க. என் வேலைக்கு உலை வெச்சிடாத" என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நுனியைத் தேடவில்லை. அவள் மணிக்கட்டைக் கொண்டுபோய் அவர் கைக்குக் கீழே வைத்தாள். கை அதன்மேல் வெறுமனே கிடந்தது. நுனியை எடுத்து விரலிடையில் செருகினாள். விரல்கள் மூடவில்லை. அவளே ஒரு வரிசையைப் பிரித்துக் காட்டினாள், இன்னொரு வரிசை. அவர் கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் புதிதாகக் கிழிசல் எதுவும் இல்லை. தொடைப்புண் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது.

இந்த வாரம் முழுக்க இப்படித்தான் என்றாள் ஆயா. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளவில்லை, குழந்தை மாதிரி ஆகிவிட்டார், டாக்டரும் இனிமேல் தொந்தரவு இருக்காது என்று சொல்லிவிட்டார் என்றாள். நல்ல சேதியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்து, "உனக்கும் கை சில்லிடாம இருக்கும்" என்றாள்.

"ஆமாம்" என்றாள் ஸ்வெட்டரக்கா.

நேரம் முடிந்து எல்லோரையும் கிளப்பும்வரை அந்த நூல் அவர் விரலுக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே தொய்ந்து கிடந்தது. எழுந்தபோது அவர் கையிலிருந்து அது தானாகவே நழுவியது. எடுத்து மடியில் வைத்துவிட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். விறைத்த மாதிரி ஜில்லென்று இருந்தது. இதற்குமுன் அது இப்படிக் குளிர்ந்து கிடக்க நேரம் இருந்ததில்லை.

அந்த வாரம் ஸ்வெட்டரின் கையை அவள் திரும்பப் பின்னவில்லை. பிரிந்த நூலை எடுத்து அவருக்குக் கையுறை பின்னினாள். விரல் விரலாகப் பிரிக்காமல், எல்லா விரலும் ஒன்றாகக் கிடக்கும்படி பை மாதிரி இரண்டு. அளவு பார்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை, அந்தக் கை அவளுக்குப் பாடம். மகள் போனில் கூப்பிட்டு, அப்பா அமைதியாகிவிட்டாராமே, உனக்கு இப்போது நிம்மதிதானே என்று கேட்டாள். நிம்மதிதான், கைக்குத்தான் குளிர்கிறது போலிருக்கிறது, உறை போடுகிறேன் என்றாள் இவள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, மகள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு உம் கொட்டியபடியே, கடைசிக் கண்ணியை இறுக்கி முடிந்தாள். நுனியை ஊசியில் கோத்து உட்பக்கமாகச் செருகினாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மீந்ததைக் கத்தரித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.