சுகர் இல்லாத சகலை

என் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்குச் சுகர் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைவிடப் பெரிய மனக்குறை எனக்கு வேறு இருந்ததில்லை.

நான் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியன். நாற்பது வயதிலேயே எனக்குச் சுகர் வந்துவிட்டது. சகலை செம்பாக்கத்துக்காரர், ஏறக்குறைய என் வயதுதான். ஏரிப் பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு சிமென்ட் கடை வைத்திருந்தார். பண்டிகைக்கு மாமியார் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். "பெரிய மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று எனக்கு வர வேண்டிய அதிரசத்தையும் மாமியார் அவர் இலையில் வைப்பார். அவர் அதைப் பிட்டு என் பக்கம் நீட்டி, "இன்னா சகலை, வாசனையாச்சும் பாக்கிறியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் கண் மங்குகிறது என்றார். ஆண்டுதோறும் என் விழித்திரையைப் பார்க்கும் டாக்டரிடமே அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "சுகர் எத்தனை வருஷமா?" என்றார்.

"எனுக்கா? எனுக்கு இல்ல சார். அதெல்லாம் இவராண்டதான் கீது."

டாக்டர் சிரிக்கவில்லை. "சுகர் இல்லாமலும் இது வரும். விழித்திரையில சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுருங்கியிருக்கு, அங்கங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. கண்ணுல இப்படின்னா இதயத்துல எப்படியோ. உடனே பிபி பாருங்க, ஹார்ட் டாக்டரையும் பாருங்க. உப்பைக் குறைங்க" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார்.

எனக்குள் ஏதோ குளிர்ந்தது. மகிழ்ச்சி என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

அது ஆட்டோ ஏறும்வரைதான். மருந்தில் கூசிய கண்களைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அவர் சொன்னார்: "சுகரே இல்ல, இன்னாத்துக்கு ஹார்ட்டு? உன்னியே பாத்துப் பாத்து அந்த டாக்டருக்கு எல்லாரும் நோயாளியாத் தெரியிறாங்க. உன் பேஜாரு உன்னாண்டயே இருக்கட்டும் சகலை."

அவர் வீட்டு வாசலிலேயே அவர் மனைவி கேட்டாள்: "மாமா, டாக்டர் என்ன சொன்னாரு? இவரு சொன்னா நான் நம்ப மாட்டேன், நீங்க சொல்லுங்க."

கண், சுகர், மாத்திரை எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் என் சொல்தான் கடைசி. கண்ணுக்குள் கோளாறு சுகர்காரனுக்கு மட்டும்தான் வரும் என்று அவர்கள் நம்பியதே என்னைப் பார்த்துத்தான்.

"கண்ணாடி மாத்தணுமாம். அவருக்குத்தான் சுகர் இல்லையே" என்றேன். தின்று தீர்க்கட்டும் என்று நினைத்தேன். அன்று மதியம் அவர் தட்டில் கருவாடு விழுவதைப் பார்த்துக்கொண்டே என் சப்பாத்தியைத் தின்றேன்.

அந்த மழைக்காலத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிழைத்தார், இதயத்தில் பாதி செத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் மனைவி என்னைக் கேட்டாள்: "அன்னிக்கு அந்தக் கண் டாக்டர் வேற எதுவும் சொல்லலியா மாமா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "சொல்லலடி. சொல்லியிருந்தா சகலை வுட்டுருப்பாரா?"

டாக்டர் சொன்னதை அவரும் காதாரக் கேட்டவர்தான். தன் பிடிவாதத்தோடு என் பொய்யையும் சேர்த்து மூடினார். நான் மறுக்கவில்லை. அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மனமும் வாய்த்திருக்கிறதே என்று பொறாமைதான் வந்தது.

வெட்கம் வந்தது அவர் போய்ச் சேர்ந்த பிறகு. அவர் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.