பாட்டு அறைக்குள் வந்த நெல் மூட்டைகள்

பூதலூர் மதிவாணனுக்குப் பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் தனியாகக் கேட்கத் தெரியாத மனுஷன். பக்கத்தில் மனைவி விஜயம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு, பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டினார். சும்மா கட்டினாரா? தரைக்கு கிரானைட், சுவருக்கு டைல்ஸ், ஜன்னலுக்கு ஆளுயரக் கண்ணாடி! அறையா அது, கிணறு! தவிலில் ஒரு தட்டுத் தட்டினால் நாலாகத் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் விஜயத்துக்குக் காது மந்தமாகி மெஷின் வைத்தார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தாள். "ஒரே இரைச்சலா இருக்குங்க, நீங்களே கேளுங்க" என்று எழுந்து போனவள், அப்புறம் அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனுஷன் ஆடிப்போனார். அவளை மறுபடி உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று, யாரோ சொன்னதைக் கேட்டுச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார். "கோழிப் பண்ணை வைக்கப் போறீங்களா?" என்றாள் விஜயம். அட்டைதான் மிச்சம்; எதிரொலி அசைந்து கொடுக்கவில்லை.

அவர்கள் வயலில் குறுவை அறுப்பு வந்தது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் இடமில்லை. வானமோ மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. காயவைத்த நெல்லை வேறு எங்கே போடுவது? முனகிக்கொண்டே அந்த அறையில் சுவரோரமாக மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.

சாரல் அடித்திருக்கிறதா என்று பார்க்க வந்த விஜயம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே தோடி ராகம் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கும் நெல்லுமாகச் சேர்ந்து எதிரொலியை விழுங்கியிருந்தன.

"அட, பிசிறில்லாம கேக்குதுங்க!" என்று வந்து உட்கார்ந்தாள். மதிவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் அந்த அறையே கதி.

ஒருவழியாகக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். லாரி வாசலில் வந்து நின்றது. மதிவாணன் அறை வாசலை மறித்துக்கொண்டார்.

"இப்ப வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

"இதென்னங்க கூத்து! நெல்லு வீணாப் போயிடாது? வெறும் சாக்குல உமியக் கொட்டி அடுக்கினா ஆகாதா?" என்றாள் விஜயம்.

"ஆகலேன்னா? மறுபடி நீ வராமப் போயிட்டா, எனக்கு எதுக்கு இந்தப் பாட்டும் கூத்தும்?"

விஜயம் அவர் அருகில் வந்தாள்.

"பாட்டுக்காக மட்டுமா வந்தேன்? இங்கதாங்க நீங்க பேசுறது முழுசாக் காதுல விழுது. ஒரு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் சும்மா தலையத்தான் ஆட்டிக்கிட்டிருந்தேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

மதிவாணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைக்கு ஏத்திக்கலாம் தம்பி" என்று லாரிக்காரரை அனுப்பிவிட்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"அப்ப, நான் பேசினது ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கலைங்க" என்றாள் விஜயம். "மொதல்லேருந்து சொல்லுங்க."