நம்ம டாக்டர் மறுபடியும் குடிச்சிட்டாரு

காலையில் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் பேருந்தில் நாங்கள் மூன்று பேர் ஒரே இருக்கையில் உட்காருவோம். ஜன்னலோரம் கணக்கு டீச்சர். நடுவில் நான். தர்மபுரியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. கடையில் வெள்ளைக் கோட்டு போடச் சொல்வார்கள், அதை மடித்து மடியில் வைத்திருப்பேன். வெளியோரம், ஒரு காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு, தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் ரவிக்கை தைக்கும் அக்கா. அந்தக் காலைத் தாண்டித்தான் நடத்துநர் தினமும் போக வேண்டும். அவரும் தினமும் முறைப்பார்.

அந்தத் தொடரைப் போனில் கண்டுபிடித்தது அக்காதான். மெஷின் ஓடும்போது காதில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது. வாய் அசைந்து முடிந்த பிறகுதான் பேச்சு வரும். நாயகன் ஓர் இதய அறுவை மருத்துவர், கெட்டிக்காரர். மனைவி விபத்தில் போன பிறகு குடிக்கிறார், மழையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கை விரட்டுகிறார், கோபம் வந்தால் சுவரில் குத்திக் கையை உடைத்துக்கொள்கிறார். வேலை நீடிக்க வேண்டுமென்றால் மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசு என்று மருத்துவமனை சொல்லிவிடுகிறது. அவரும் போகிறார். போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அழகழகாகப் பொய் சொல்கிறார். எதிரில் ஓர் அம்மா கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சீரியல் பார்ப்பவர்கள் மீது பெரிய மரியாதை இல்லாதவர் டீச்சர். "ஒரே ஒரு பகுதி பாருங்க டீச்சர்" என்று அக்கா கெஞ்சியதற்காகப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை கண் வீங்கி வந்தார். எங்களைவிட எட்டுப் பகுதி முன்னால் போயிருந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"நேத்து நம்ம டாக்டர் மறுபடியும் குடிச்சிட்டாரு, பாத்தீங்களா?" என்று அக்கா ஏறியவுடனே ஆரம்பிப்பார்.

"பாத்தேன். குடிச்சிட்டு அந்தம்மாகிட்ட போயி, தூக்கமே இல்ல, அதான் கண்ணு செவந்திருக்குதுன்னு சொன்னாரு பாருங்க. எங்க கிளாஸ் பசங்களே இதவிட நல்லாப் பொய் சொல்லுவாங்க."

"அந்தம்மாவுக்கு வாசன தெரியாதுங்களா?"

"தெரியும். தெரிஞ்சாலும் கேக்கக் கூடாது. அவரே சொல்லணும். அதான் அந்த வைத்தியமே."

"என்னா பெரிய வைத்தியம்? மாத்திர இல்ல, ஊசி இல்ல. எதுர்ல ஒக்காந்து தலையாட்டறதுக்கு ஒரு படிப்பா? எங்கிட்ட வுடுங்க அவர. ரவிக்கைக்கு அளவெடுக்கற நேரத்துல எல்லாத்தையும் கக்க வெச்சிடறேன்."

எனக்கு வேறு கவலை. அவர் எந்தத் தாளைப் படித்தாலும் கையை முழுதாக நீட்டிக்கொண்டு படிப்பார். வெள்ளெழுத்து அது, எனக்குத் தெரியாதா? "படிக்கற கண்ணாடி ஒண்ணு போட்டாருன்னா பாதி தலவலி போயிடும், பாதி கோவமும் போயிடும்" என்பேன். இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. அவரும் குடிப்பார். அதை அக்கா ஒளித்ததில்லை. "அவரு குடிக்கறதப் பாக்கச் சகிக்கல, இவரு குடிச்சா பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்குது" என்று ஒருநாள் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். டீச்சர் உடனே பேச்சை மாற்றினார்.

எங்களுக்கு முன் இருக்கையில் பூக்கார அம்மா ஒருவர் வருவார். தர்மபுரியில் பூ வாங்கிக்கொண்டு போய்ப் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் விற்பவர். முதலில் வெறுமனே "ச்சு, ச்சு" கொட்டினார். பிறகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தார்.

"ஏம்மா, அவருக்கு அம்மா இல்லியா? ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெக்கக் கூடாதா?"

"அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்கம்மா" என்றார் டீச்சர். "அப்பா ரெண்டாவது கட்டிக்கிட்டாரு. அந்தச் சித்தியாலதான் பாதி வெனையே."

"அடப் பாவமே. கை எப்புடி இருக்குதாம் இப்ப?"

"கட்டுதான் பிரிக்கல" என்றேன் நான். "நடுக்கம் வேற நிக்கல. நேத்து அந்தக் கட்டோடயே ஆபரேஷன் பண்ணப் போயி கத்தியக் கீழ போட்டுட்டாரு."

பூக்கார அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவரும் தொடர் பார்க்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இன்னும் ஓர் ஆள் சேர்ந்ததில் மகிழ்ச்சி வேறு. அவரிடம் இருந்தது பட்டன் போன் என்பதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. தென்மாவட்டத்திலிருந்து வந்த இளம் டாக்டர், கல்யாணம் ஆகாதவர், கிளினிக்குக்கு மேலேயே தங்கியிருந்தார். அங்கே காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பக்கத்து வீட்டு அம்மா என்னைப் படியிலேயே நிறுத்தினார்.

"அங்கயா போற? வேணாம் கண்ணு. அவரு கை நடுங்குதாம். ஊசி போடறேன்னு எங்கியாவது குத்திடப் போறாரு."

"யாருங்க சொன்னது?"

"ஊரே சொல்லுது. குடிக்கறாராம், செவுத்துல குத்திக் கைய ஒடச்சிக்கினாராம். கத்தியெல்லாம் கீழ போடறாராம். தர்மபுரியில யாரோ ஒரு அம்மாகிட்ட போயி வைத்தியம் பாத்துக்கறாராம், அங்கயும் பொய்யி. அவருகிட்ட வேல செய்யற நர்சம்மாவே தெனம் பஸ்ல சொல்லி அழுவுதாம். பூக்காரம்மா காதால கேட்டுச்சாம்."

வெள்ளைக் கோட்டு மடித்துவைத்த என் மடி எனக்கு ஞாபகம் வந்தது. தொண்டை வலி போன இடம் தெரியவில்லை.

விசாரித்தால் எல்லாம் பொருந்தி வந்தது. அந்த டாக்டர் ஹொகேனக்கல் சாலையில் ஆட்டுக்கு ஒதுங்கி பைக்கோடு விழுந்து, கையில் கட்டுப் போட்டிருந்தார். தனியாள். கொஞ்சம் சிடுசிடுப்பானவர் வேறு. இதைவிட என்ன வேண்டும்?

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதி கிளினிக் பக்கமே போகவில்லை. இன்னொரு பாதி டாக்டரைக் காப்பாற்றியே தீருவது என்று இறங்கிவிட்டது. யாரோ களியும் கீரைக் குழம்பும் தூக்குவாளியில் அனுப்புகிறார்கள், யாரோ மந்திரித்த கயிறு கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேக்கரியில் நானே கண்ணால் பார்த்தேன். டாக்டர் வந்து ஒரு சோடா கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் சோடா வரிசையாக நிற்கிறது.

"சோடா இல்லீங்க சார்" என்றார் பேக்கரிக்காரர்.

"அதோ இருக்கே?"

"அதெல்லாம் காலி பாட்லுங்க சார். நீங்க பால் குடிங்க. பாதாம் போட்டுத் தரேன்."

டாக்டர் பேக்கரிக்காரரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, ஏனென்று தெரியாமலே, பாலைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பேருந்தில் நான் சொல்லச் சொல்ல டீச்சருக்கு முகம் வெளுத்தது. அக்காவுக்கோ சிரிப்பு அடங்கவில்லை. முன் இருக்கையில் பூக்கார அம்மா அன்று வரவில்லை. டாக்டருக்காகக் கோயிலுக்குப் போயிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

"போயி நேர்ல சொல்லிடணும்" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். சும்மா போனால் நன்றாக இருக்காது என்று அக்கா கழுத்து வலி என்று டோக்கன் வாங்கினார். உள்ளே நுழைந்ததும் டாக்டர் அக்காவின் கழுத்தை அமுக்கிப் பார்த்து, தினமும் எவ்வளவு நேரம் குனிந்து தைக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா கூசாமல் பதில் சொல்லிக்கொண்டே போனார். உண்மையிலேயே வலி இருந்ததாம்.

டீச்சர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் நடத்துவதுபோல வரிசையாக விளக்கினார். தொடர், பேருந்து, பூக்கார அம்மா, என் கோட்டு. "நம்ம டாக்டர்னு நாங்க சொன்னது அவரத்தான் சார். உங்கள இல்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"போன வாரம் எங்கம்மா ஊர்லேர்ந்து வந்தாங்க" என்றார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்காரம்மா அவங்களப் பாத்து, நீங்க அவருக்குச் சித்திதானேன்னு கேட்டிருக்காங்க. அதோட நிறுத்தல. இனிமேலாவது புள்ளைய நல்லாப் பாத்துக்கங்கன்னு புத்தி சொல்லி அனுப்பியிருக்காங்க. எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டார்.

"முடி வெட்டப் போனா, கழுத்துல கத்திய வச்சிக்கிட்டு, எல்லாம் சரியாப் போயிடும் சார்ங்கறாரு. எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. யாருமே காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் நாங்களும் சிரித்தோம்.

"நாங்க போயி எல்லார்கிட்டயும் சொல்லிடறோம் சார்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வேண்டாம். இப்ப சொல்லாதீங்க."

எங்களுக்குப் புரியவில்லை.

"காய்ச்சல்னு டோக்கன் போட்டு ஒருத்தர் வந்தாரு. காய்ச்சல் எதுவும் இல்ல. கதவச் சாத்திட்டு, நீங்க போயிப் பேசற இடம் எங்கன்னு கேட்டாரு. டாக்டருக்கே வர்றதுன்னா எனக்கு வர்றதுல என்ன வெக்கம்னாரு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஆனா தர்மபுரியில ஒரு கவுன்சலர் இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்பி வச்சேன். அவருக்கப்புறம் இன்னும் சிலபேர் வந்தாங்க. எல்லாரும் காய்ச்சல்னுதான் வர்றாங்க." யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. "எனக்கு சோடா இல்லாம இருந்துக்க முடியும்" என்றார்.

எனவே நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். பேருந்தில் எங்கள் பேச்சு மட்டும் நிற்கவில்லை. "நம்ம டாக்டர்" என்பதை விட்டுவிட்டு "அவரு" என்று மாற்றிக்கொண்டோம். அது இன்னும் மர்மமாக இருக்கிறது என்று நடத்துநர் சொன்னார். அவரும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மழை பிடித்த பிறகு ஒரு காலை, பேருந்து இண்டூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. தொடரில் அன்று ஆலோசகர் அம்மா முழுப் பகுதியும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயகன் அழுதார். அக்கா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆம்பள அவ்ளோ அழுவறாரு, அந்தம்மா ஒரு டம்ளர் தண்ணி குடுத்துச்சா? ஒரு வார்த்த ஆறுதல்? செல மாதிரி ஒக்காந்திருக்குது. இதுக்குப் பேரு வைத்தியமா?"

"அவங்க பேசக் கூடாது" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "நடுவுல பேசுனாங்கன்னா நாம நிறுத்திடுவோம். சும்மா இருந்தாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். மொதல்ல நமக்குக் கடுப்பாத்தான் இருக்கும். அப்புறம் பழகிடும்."

யாரடா இது, டீச்சருக்கு மேல் விவரமாகப் பேசுகிறாரே என்று நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர்.

இஸ்திரி போட்ட சட்டை. கையில் வேலைக்குப் போகும் பை இல்லை. தர்மபுரியில் கட்டட வேலை என்று சொல்லிவிட்டு வியாழன்தோறும் முந்தின பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர், அன்று அதைத் தவறவிட்டு இதில் ஏறியிருக்கிறார். கூட்டத்தில் பின்னால் நின்றவரை நாங்கள் பார்க்கவில்லை. அக்காவின் பேச்சைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அக்கா நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அவருடன் பயணம் செய்த இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல்முறை.

"நீயா காச்சல்னு போனது?" என்று கேட்டார், திரும்பாமலே.

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உடனே எல்லாத்தையும் கேப்ப."

முன் இருக்கையில் பூக்கார அம்மா திரும்பி, மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு மட்டும் கதை புரியாமல் போனது, வாழ்க்கையில் முதன்முறையாக. அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தார். எடுத்தவர் மூடிக்கொண்டார். தர்மபுரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் என் விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது மேஸ்திரி முன்னால் வந்து நின்றார். "சாயங்காலம் சேந்தே வூட்டுக்குப் போலாம், கடைக்கு வரேன்" என்றார். அக்கா தலையாட்டினார். அந்த ஆலோசகர் அம்மாகூட அவ்வளவு அழகாகத் தலையாட்டியிருக்க மாட்டார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இடையில் ஒரு பண்டிகைக்கு மேஸ்திரி குடித்துவிட்டு வந்தார். அடுத்த வியாழனும் போனார், குடித்ததை அங்கே தானே சொன்னார். அக்கா எங்களிடம் இவ்வளவுதான் சொல்வார். அவர் உள்ளே என்ன பேசுகிறார் என்று இன்றுவரை கேட்கவில்லையாம். கேட்காமல் இருப்பது தனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் தினமும் எங்களிடம் விலாவாரியாகச் சொல்கிறார்.

கட்டைப் பிரித்த பிறகு டாக்டர் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். பெரும்பாலானோர் நம்பினார்கள். பூக்கார அம்மா நம்பவில்லை. "கொணமாயிட்டவரு பழச மறைக்கத்தான் பாப்பாரு, நாமதான் கண்டுக்காம இருக்கணும்" என்று எனக்கே அறிவுரை சொன்னார். கிளினிக் வேலை எப்படிப் போகிறது என்றும் கேட்டார். நன்றாகப் போகிறது என்று சொல்லிவைத்தேன்.

இப்போது மேஸ்திரி அந்தத் தொடரை முதலிலிருந்து பார்க்கிறார். சாப்பிட்டு முடித்ததும் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருகிறார்கள். நாயகன் பொய் சொல்லும் இடங்களில் அவர் நிறுத்திவிட்டு, "இங்க பாரு, இவரு கைய எங்க வெச்சிருக்காரு, பொய்யி சொல்றவன் அங்கதான் வெப்பான்" என்று விளக்கம் சொல்கிறாராம். அதனால் ஒரு பகுதி முடிய இரண்டு நாள் ஆகிறது. கடைசியில் என்ன ஆகிறது என்று அக்காவுக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அக்கா எப்படித்தான் தாங்குகிறாரோ.