டோரீன் திறக்காத கதவு

அன்றைக்குப் பள்ளிக் கதவுகளையெல்லாம் பூட்டியபோது மாணவி டெலியாவை வெளியே நிற்கவிட்டது உடற்பயிற்சி ஆசிரியர் வென்டல்தானாம். உணவுக்கூடத்தில் பரிமாறும் பெண் சொன்னாளாம், அவளுக்கு அவள் மகள் சொன்னாளாம், மகளுக்கு யார் சொன்னது என்று ரோண்டாவுக்குத் தெரியாது. கணக்கு ஆசிரியை ரோண்டா காப்பியைச் சூடுபண்ணிக்கொண்டே இதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா டோரீன்? ஓடி விழுந்த பிள்ளைக்கும் விசில் ஊதற மனுஷன்."

டோரீன் ஹலபெக் தன் ரொட்டியை மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்தாள். அன்றைக்கு டெலியா தட்டியது அவளுடைய வேதியியல் அறைக் கதவை. அது அவளுக்குத் தெரியும், டெலியாவுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்கும் தெரியாது.

பென்சில்வேனியாவின் அந்தப் பழைய எஃகு ஊரில் இருபத்தாறு வருடமாக வேதியியல் நடத்துகிறாள் டோரீன். வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது, அமிலம் மேலே பட்டால் என்ன செய்வது என்பதை. இப்போதெல்லாம் முதல் பாடம் வேறு: துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன செய்வது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண்ணில் படாத மூலை எது, அதில் இருபத்து மூன்று பேர் எப்படி ஒடுங்கி உட்காருவது, பயத்தில் சிரிப்பு வந்தால் எதைக் கடித்துக்கொள்வது. கீச்சிடும் முக்காலிகளை அவளே தேடிப்பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். கொடி அரைக்கம்பத்தில் பறந்தால் முன்பெல்லாம் பிள்ளைகள் "எந்த ஊர், மிஸ்?" என்று கேட்பார்கள். கேட்பதை எப்போது நிறுத்தினார்கள் என்று அவள் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பிடிபடவில்லை.

போன வருடம் ஒரு கதவடைப்பு ஒத்திகையின்போது யாரோ ஒரு பெண் வெளியே நின்று தட்டினாள். தன்னை உள்ளே விடச் சொல்லி அழுதாள். டோரீன் திறந்துவிட்டாள். வாசலில் மாணவர் மன்றத்துப் பெண் ஒருத்தி கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றாள், பக்கத்தில் குறிப்பேட்டுடன் தலைமை ஆசிரியர். ஆசிரியர்களைச் சோதிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. அன்று மாலைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையில் அவர் சொன்னார்: திருமதி ஹலபெக்கின் இரக்கத்தால் இன்று இருபத்து மூன்று பேர் செத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை.

இந்த பிப்ரவரியில் மணி அடித்தபோது ஒத்திகையா நிஜமா என்று அறிவிக்கவில்லை. அறிவிக்கும் வழக்கத்தையே விட்டிருந்தார்கள். பிள்ளைகளை மூலையில் ஒடுக்கிவிட்டு டோரீன் கதவோரம் சுவரோடு சுவராக நின்றாள். கைப்பிடி ஆடியது. பிறகு மரத்தில் வாயை வைத்துப் பேசுவதுபோல் ஒரு குரல், கதவோரம் நின்ற அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"மிஸ், நான் டெலியா. பாத்ரூம்லேந்து வந்தேன். தொறங்க மிஸ்."

போன வருடம் அவளிடம் படித்த பெண். குரல் நன்றாகத் தெரிந்தது. இந்த முறை நல்ல நடிகையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று டோரீன் நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாளா, நினைத்ததாக வைத்துக்கொண்டாளா என்பது இன்றுவரை அவளுக்கே நிச்சயமில்லை. குரல் ஓய்ந்தது. குளிர்பான எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் டெலியா நாற்பது நிமிடம் நின்றாள். கார் நிறுத்துமிடத்தில் நிஜமாகவே ஒரு துப்பாக்கி வேட்டு வெடித்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாக் கதவுகளும் விதிப்படி இருந்தன என்று பெற்றோருக்குக் கடிதம் போனது.

மறு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முந்நூறு பிள்ளைகள் வகுப்பைவிட்டுக் கால்பந்து மைதானத்துக்கு நடந்தார்கள். டெலியா ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, தான் ஒரு கதவைத் தட்டியதையும் அது திறக்காததையும் சொன்னாள். அந்த ஆசிரியர்மேல் தனக்குக் கோபமில்லை, ஒரு மனுஷரை அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நிறுத்தினவர்கள்மேல்தான் கோபம் என்றாள். ஜன்னலோரம் நின்று டோரீன் அதைக் கேட்டாள். கதவைத் திற, திறக்காதே என்று இத்தனை வருடமாகப் பெரியவர்கள் விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி ஏன் பள்ளிவரைக்கும் வருகிறது என்று பதினேழு வயசுப் பெண் கேட்கிறாள். டோரீனுக்கும் ஒரு காலத்தில் தோன்றிய கேள்விதான். முக்காலிகளை அப்புறப்படுத்தும் வேலையில் மறந்துபோயிருந்தது.

பெண் கதை கட்டுகிறாள் என்றது பள்ளி. ஆசிரியர் பெயரைச் சொன்னால் நம்புகிறோம், இல்லையென்றால் வியாழக்கிழமை கல்விக் குழுக் கூட்டத்தில் பேச விடமாட்டோம். டெலியா பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் ஊர் தானே ஒரு பெயரைத் தேடிக்கொண்டது.

கடைசி மணிக்குப் பிறகு டோரீன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். வென்டல் பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ அவர் கார் கண்ணாடியில் சோப்பால் 'கதவைத் திற' என்று எழுதியிருந்தார்கள்.

"நீயும் கேக்க வந்தியா?"

"இல்ல வென்டல்."

"கேட்டாலும் என்ன சொல்றதுன்னு தெரியல. என் கதவோட கைப்பிடியும் ஆடிச்சு. நான் தொறக்கல. சோதிக்கத்தான் வந்திருக்காங்கன்னு இருந்துட்டேன். குரல் எதுவும் கேக்கல. கேட்டும் நான்தான் மறந்துட்டேனோ என்னமோ." ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருக்கேன். நான்தான்னு."

"நீ இல்ல. அது என் கதவு."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு, பார்வையாளர் படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பத்து நாளாத் தூங்கல டோரீன்" என்றார். "நீ?"

கீழே கிடந்த ஒரு பந்தை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அவள் தன் அறைக்குத் திரும்பினாள். விதிப்படி நடந்ததற்காக அவளை யாரும் தண்டிக்க முடியாது, தட்டிக்கொடுப்பார்கள். பயம் அதற்கல்ல. திறந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு வேறொரு ஆசிரியை திறக்க, வெளியே நிற்பது வேறு ஆளாக இருந்தால்? திறக்காதது சரி என்றால், அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் இல்லை என்பதைத்தான் வியாழக்கிழமை டெலியாவின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று பட்டது. ஆனால் அந்தப் பெண் காப்பாற்றி வைத்திருக்கும் பெயரை அவளைக் கேட்காமல் எடுத்து வெளியே போட மனம் வரவில்லை. முதலில் டெலியாவிடம் கேட்க வேண்டும்.

போன வருடத்துப் பதிவேட்டிலிருந்து டெலியாவின் தொலைபேசி எண்ணை எடுத்து, இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை சரியாக அழுத்தினாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் திரையில் தன் பெயர் தெரியுமோ, தெரிந்ததால்தான் எடுக்கவில்லையோ என்று நினைத்தாள். துண்டிக்கவில்லை. கதவோரம் அதே சுவரில் சாய்ந்துகொண்டு, காதில் கைபேசியை அழுத்தியபடி நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.