மூச்சு விட்ட சுண்ணாம்புக் கல்

எங்கள் ஆய்வுக்கூடத்து ஸ்கேன்காரர் இருபது வருடம் மருத்துவமனையில் மனிதர்களைப் படம் எடுத்துவிட்டு வந்தவர். இங்கே ஸ்கேனுக்குள் நிற்பது விரல் தடிமனில் ஒரு சுண்ணாம்புக் கல். அதற்குள் அமிலத்தை மெல்ல ஓடவிட்டு, நுண்துளைகளை அது எப்படி அரித்துக்கொண்டு போகிறது என்று வரிசையாகப் படம் எடுப்போம். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துமுன் அவர் கல்லிடம் சொல்வார்: “மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.”

“கல்லு கேக்குமா?” என்றால், “மனுஷன் மட்டும் கேட்டானாக்கும்!” என்று எரிந்து விழுவார்.

விருந்தாளிகள் வந்த அன்று தலைமை ஆய்வாளர் அம்மா, “அண்ணா, இன்னைக்காவது வாய மூடிட்டு எடுங்க. மானம் போகுது,” என்றார். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் எடுத்தார்.

படமெல்லாம் ஒரே கலங்கல். சீக்கிரம் வேலை நடக்கட்டும் என்று அம்மா அமிலத்தின் வீரியத்தைக் கூட்டியிருந்தார். கல் கரைந்து கிளம்பிய வாயு, படம் எடுக்கும்போதே குமிழ்குமிழாகத் துளைகளில் ஓடியிருக்கிறது.

“மூச்சு விட்டுடுச்சு,” என்றார் ஸ்கேன்காரர். “நான் ஒண்ணும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னுட்டீங்க.”



மறுநாள் அம்மா அமிலத்தின் வீரியத்தைக் குறைத்து, குமிழ் கிளம்பாதபடி அழுத்தத்தையும் ஏற்றினார். அதுவே போதும். ஆனாலும் என் பக்கம் திரும்பாமல், “எதுக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணா,” என்றார்.

சொன்னார். அரை நிமிடத்தில் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

“இப்ப மூச்சு விடலாம்,” என்றார் ஸ்கேன்காரர்.

அம்மா விட்டார்.